வானிலிருந்து வரும் நீர் உட்பட

மார்ச் 4, ஞாயிறு

போர்வெல் இரண்டும் வறண்டு இன்றோடு ஒன்பது நாள். காலை பத்து மணிக்கு கம்யூனிட்டி ஹாலில் பொதுக்குழு கூடியது. அறுபத்து நான்கு வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். கோயம்புத்தூருக்கு இந்த வெயில் புதிது. பாதிப் பேர் குளிக்காமல் வந்ததும் மூக்குக்குத் தெரிந்தது. குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் என்ற முறையில் நான் முன்வரிசையில். முப்பத்தொரு வருஷம் கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்தியவன், கையெழுத்தும் நன்றாக இருக்கிறது என்று சொல்லி இந்தப் பதவியை என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

நிர்வாகக் குழுவில் ஏழு பேர். லாரித் தண்ணீரை யாரிடம் வாங்குவது என்று ஒன்பது நாளாகப் பேசுகிறார்கள். இன்றும் ஒரு மணி நேரம் பேசினார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து நாச்சிமுத்து எழுந்தார். ஏ பிளாக்கில் இருப்பவர், ஓய்வுபெற்ற பொறியாளர், அதிர்ந்து பேசாத மனிதர். "ஏனுங்க, எல்லாரும் கொஞ்சம் அமைதியா உக்காருங்க. ஒரு போன் பண்ணிட்டு வந்துடறனுங்க" என்று வெளியே போனார். முக்கால் மணி நேரத்தில் டேங்கர் லாரி கேட்டுக்குள் நுழைந்துவிட்டது. பெண்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

கோடை முடியும்வரை அவர்தான் தலைவர், குழுவுக்கு ஓய்வு என்று ஒரே குரலாக முடிவாயிற்று. நானும் கை தூக்கினேன், சந்தோஷமாகவே.

கலையும்போது அவர் என் தோளில் கைவைத்தார். "திருமூர்த்தி சார், பத்துப் பேரு பத்து விதமாப் பேசுவாங்க. நீங்க பெரிய படிப்புப் படிச்சவரு. கோடைக்கு மட்டும் ஒரு விதி எழுதிக் குடுங்க. ஓட்டை இல்லாம எழுதிக் குடுங்க."

ஓட்டை வைத்து எழுதுவது கற்றுக்குட்டிகளின் வேலை என்று சொன்னேன். சிரித்தார்.

மார்ச் 6, செவ்வாய்

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதி முடித்தேன். மொத்தம் பதினொரு விதி. என் ஆயுளில் இவ்வளவு கச்சிதமாக எதையும் எழுதியதில்லை என்று தோன்றுகிறது.

நான்காம் விதி: வளாகத்துக்குள் நிலத்திலிருந்தோ லாரியிலிருந்தோ வானிலிருந்தோ வந்து சேரும் நீர் முழுவதும் சங்கத்தின் சொத்து, தலைவர் பங்கிட்டுத் தருவதைத் தவிர யாரும் பிடிக்கக் கூடாது, பிடித்ததை வெளியே கொண்டுபோகவும் கூடாது. ஏழாம் விதி: தேவையான புது விதிகளைப் போடுவதும், நடத்துவதும், மீறியவர்களை விசாரித்துத் தண்டிப்பதும் தலைவர் பொறுப்பு. எட்டாம் விதி: தலைவர் தந்த தீர்ப்பைத் தலைவர் உட்பட எவரும் மாற்ற முடியாது. பதினொன்றாம் விதி: தண்ணீர் நிலைமை சீராகிவிட்டது என்று தலைவர் அறிவிக்கும்வரை இவை அமலில் இருக்கும்.

பூங்கோதைக்குப் படித்துக் காட்டினேன். என் மனைவிக்கு வாசகங்களை ரசிக்கும் பொறுமை கிடையாது. "கோடைல வானத்துலிருந்து எங்கீங்க தண்ணி வருது?" என்று சிரித்தாள். மொட்டைமாடிக் குழாயில் வழியும் மழைத் தண்ணீர் தன்னுடையது என்று நாளைக்கு ஒருவன் சண்டைக்கு வருவான், சட்டம் எழுதுகிறவன் அதையெல்லாம் முன்னாலேயே யோசிக்க வேண்டும் என்றேன். "தலைவர் உட்பட எதுக்கு?" என்றாள். சிபாரிசுக்கு வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்துவதற்கு என்றேன்.

"சரி, அவரு தப்பாச் சொல்லிட்டா?"

அதற்குள் குக்கர் கூவிவிட்டது.

மார்ச் 11, ஞாயிறு

அற்புதமாக நடக்கிறது. காலை ஆறரைக்கு அரை மணி, மாலை ஐந்துக்கு அரை மணி. ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு வால்வு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குட்டி வால்வு. அவற்றைத் திருகும் இரும்புச் சாவி, ஒரு முழ நீளத்தில் டி எழுத்து மாதிரி இருக்கும், தலைவரிடம்தான். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் நடப்பதைப் பார்த்தாலே மனசுக்கு ஒரு தெம்பு.

எனக்கும் வேலை ஓடுகிறது. ஒரு பதிப்பகத்துக்காகப் போன வருஷம் முதல் ஒரு தடிப் புத்தகத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். எழுதியவர் ஏறக்குறைய முன்னூறு வருஷத்துக்கு முந்தைய பிரெஞ்சுக்காரர், தொழில் நீதிபதி. வீட்டில் அவருக்கு ஜட்ஜய்யா என்று பேர். கடைசிக் காலத்தில் கண் மங்கிப்போய், அடுத்தவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டே காலம் தள்ளினாராம். அதிகாரத்தைப் பற்றி அந்த மனிதர் பார்த்த அளவுக்குக் கண் உள்ளவர்கள் பார்க்கவில்லை.

இன்று மொழிபெயர்த்த பகுதி அவருடைய புகழ்பெற்ற கருத்து. சட்டம் போடுகிற கை, அதை நடத்துகிற கை, தீர்ப்புச் சொல்கிற கை, மூன்றும் ஒரே உடம்பில் இருந்தால் அங்கே சுதந்திரம் இருக்காது. வகுப்பில் இதை எத்தனை வருஷம் நடத்தியிருக்கிறேன்!

மாராத்தாள் கூடத்தைப் பெருக்கிக்கொண்டே, "சாரு எழுதற பொஸ்தகத்துல தண்ணியப் பத்தி ஏதாச்சும் போட்டிருக்குதுங்களா?" என்று கேட்டாள். எங்கள் வீட்டோடு சேர்த்து இந்த வளாகத்தில் ஐந்து வீட்டு வேலை அவளுக்கு. இதைப் பற்றித்தான் என்று மூன்று கை விஷயத்தைச் சொன்னேன்.

"அது சரித்தானுங்க. போலீசு, ஜட்ஜு, எம்மெல்லே மூணும் ஒரே ஆளா இருந்தா நானு யாருகிட்டப் போயி அழுவறது?" என்று சொல்லிவிட்டுக் குப்பையை அள்ளிக்கொண்டு போனாள். எம்.ஏ. மாணவர்களுக்கு மூன்று வகுப்பு எடுத்துப் புரியவைத்த விஷயம்.

நம் பதினொரு விதி ஞாபகத்துக்கு வராமல் இல்லை. ஆனால் ஜட்ஜய்யா பேசுவது ராஜ்ஜியங்களைப் பற்றி. இது அறுபத்து நான்கு வீடு, அதுவும் கோடைக்கு மட்டும்.

மார்ச் 22, வியாழன்

முதல் தண்டனை. சி பிளாக்கில் வாடகைக்கு இருக்கும் ஒரு பையன், ஐ.டி. வேலை, ஒரு பக்கெட்டில் கார் கழுவியிருக்கிறான். தலைவர் கார் நிறுத்துமிடத்திலேயே விசாரித்தார். ஐந்து நிமிஷம். குரலை உயர்த்தவேயில்லை. "தம்பி, தப்புத்தானுங்களே?" தப்புத்தான் என்றான். நான்கு நாள் வால்வு மூடல்.

அறிவிப்புப் பலகைக்குத் தீர்ப்பை எழுதிக் கொடுத்தது நான். நான்கே வரி. தலைவர் இரண்டு தரம் படித்துப் பார்த்து, "சார் எழுதினா கோர்ட்டு தீர்ப்பு மாதிரியே இருக்குதுங்க" என்றார்.

ஏப்ரல் 3, செவ்வாய்

லிஃப்ட் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி வைத்திருக்கிறார்கள். தண்ணீரை வீணாக்குகிறவர்களைப் பற்றித் துண்டுச் சீட்டில் எழுதிப் போடலாம். பேர் போட வேண்டியதில்லை. எதிரெதிர் பால்கனிகளைப் பார்க்கும்படி எட்டுக் கேமராவும் வந்தாயிற்று.

லிஃப்டில் யாரும் பேசுவதில்லை. முன்பெல்லாம் மூன்று மாடி ஏறுவதற்குள் பக்கத்து வீட்டம்மா அவர் மருமகளைப் பற்றி மூன்று புகார் சொல்லிவிடுவார். இப்போது எல்லாரும் நம்பர் மாறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். மொழிபெயர்ப்புக்கு அமைதி நல்லது.

ஏப்ரல் 14, சனி

சித்திரை ஒன்று. மாம்பழம் நன்றாக இல்லை.

ஜட்ஜய்யாமேல் இன்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. குளிர்தேசத்துக்காரனுக்குத்தான் சுதந்திர உணர்வாம். வெயிலில் கிடக்கிறவன் உடம்பும் மனசும் தளர்ந்து, எவன் அதட்டினாலும் அடங்கிப்போவானாம். அதற்கு ஆசியாவை உதாரணம் காட்டுகிறார். இந்தப் பக்கம் ஒரு நாள் வந்து பார்த்ததில்லை, கப்பல்காரர்கள் சொன்ன கதையை நம்பி எழுதிவிட்டார். கொடுங்கோலன் ஆட்சி ஓடுவது பயத்தால் என்று அவ்வளவு அழகாகச் சொன்னவர், அந்தப் பயம் வெயிலிலிருந்து வருகிறது என்று எழுதலாமா?

ஒன்றரைப் பக்கத்துக்கு அடிக்குறிப்பு போட்டிருக்கிறேன். டீக்கடையில்கூட எதிர்க்கேள்வி கேட்காமல் ஒருவனும் எழுந்து போகாத ஊர் இது என்று முடித்தேன். இந்தப் புத்தகத்தில் என் பேர் நிலைக்கப்போவது அந்த அடிக்குறிப்பால்தான்.

ஏப்ரல் 26, வியாழன்

மாராத்தாள் குடியிருக்கும் வீதியில் நல்ல தண்ணி வந்து பதினேழு நாளாயிற்றாம். மகள் பிளஸ் டூ எழுதிவிட்டு மஞ்சள் காமாலையில் படுத்திருக்கிறாள். பூங்கோதை எங்கள் பங்கிலிருந்து தினமும் இரண்டு கேன் பிடித்து அவளிடம் கொடுத்தனுப்புகிறாள். இன்று சமையலறை வாசலில் கொடுப்பதைப் பார்த்தேன். பூங்கோதையும் நான் பார்த்ததைப் பார்த்தாள்.

செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். நம் பங்கைத்தானே கொடுக்கிறாள்.

மே 9, புதன்

வெயில் நூற்றுமூன்று. ஒன்றும் ஓடவில்லை. ஜட்ஜய்யா சுதந்திரத்துக்குச் சொல்லும் விளக்கத்தில் மூன்று நாளாக நிற்கிறேன். விருப்பப்பட்டதையெல்லாம் செய்வது சுதந்திரம் இல்லையாம். பக்கத்தில் இருக்கும் மனிதனைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை என்ற நிம்மதி இருக்கிறதே, அதுதானாம். கேட்டால் எளிதாக இருக்கிறது. தமிழில் சரியாக உட்காரமாட்டேன் என்கிறது.

மே 20, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பதினொரு மணிக்கு செக்யூரிட்டி ரங்கராஜு கேட்டில் மாராத்தாளை நிறுத்தியிருக்கிறான். பெட்டியில் யாரோ சீட்டுப் போட்டிருந்தார்களாம். கையில் இரண்டு கேன். கம்யூனிட்டி ஹாலுக்குக் கூட்டிவந்தார்கள். முப்பது பேருக்குக் குறையாமல் பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். செயலாளர் என்பதால் என்னையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். பூங்கோதை கோயிலுக்குப் போயிருந்தாள்.

தலைவர் அவளுக்கும் ஒரு நாற்காலி போடச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"ஏம்மா, இந்தத் தண்ணி யாரு ஊட்டுதுங்க?"

மாராத்தாள் என் பக்கம் திரும்பினாள். ஒரு நொடிதான். பிறகு தரையைப் பார்த்தாள்.

தலைவரும் என் பக்கம் திரும்பினார். "சார், உங்க ஊட்டுலயும் வேலை செய்யறாங்களே. உங்க ஊட்டுல குடுத்தீங்களா?"

நான் சமையலறைப் பக்கம் போகிறவன் இல்லை. எந்தக் கேனில் என்ன போகிறது என்று கவனிப்பது என் வழக்கமும் இல்லை. ஆகவே எனக்குத் தெரியாது என்று சொன்னேன். கண்டிப்பாகப் பார்த்தால் அதில் பொய் ஏதும் கிடையாது. கொடுத்ததாகச் சொல்லியிருந்தால், வெளியே தண்ணீர் கொடுப்பவர்களுக்குத் தலைவர் வைத்திருக்கும் முப்பது நாள் வால்வு மூடல், செயலாளர் வீட்டிலேயே விதிமீறல் என்று பலகையில் வரும், புத்தகமும் பாதியில் நிற்கும். பூங்கோதைக்குத்தான் கஷ்டம் என்று நினைத்தேன்.

"நானாத்தான் புடிச்சனுங்க. யாரும் குடுக்கலைங்க" என்றாள் மாராத்தாள்.

"அப்படீங்களா" என்றார் தலைவர் மிகவும் வருத்தத்தோடு. இனி அவள் இந்த வளாகத்துக்குள் நுழையக் கூடாது. ஐந்து வீட்டு வேலையும் ஒரே வாக்கியத்தில் போயிற்று. அவள் இரண்டு கேனையும் அங்கேயே வைத்துவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனாள்.

அந்தத் தண்ணீரை நிலத்தடி சம்ப்பில் ஊற்றச் சொன்னார்கள். தீர்ப்பை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மே 21, திங்கள்

பூங்கோதை பேசவில்லை. காபி மேஜைமேல் இருந்தது.

மே 24, வியாழன்

இன்றைக்கு நான்கே வாக்கியம் பேசினாள். "உங்களுக்குத் தெரியுமுங்க. பாத்தீங்க. அந்தப் புள்ளைக்கு மாத்திரை வாங்கக்கூட இப்ப வழியில்லை. நீங்க எழுதுன விதிதானே, அதுல ஒரு வழி கண்டுபிடிங்க."

சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு காலை முதல் பதினொரு விதியையும் குடைந்தேன். எதிர்க்கட்சி வக்கீலாகவே மாறிப் பார்த்தேன். பொதுக்குழுவுக்கு மேல்முறையீடு? ஏழாம் விதியில் அடைத்திருக்கிறேன். பழைய குழுவைக் கூட்டலாமா? ஒன்பதில் அடைத்திருக்கிறேன். புதுச் சாட்சி கிடைத்தால் மறுவிசாரணை? அதையும் யோசித்து அடைத்திருக்கிறேன். சாயங்காலம் பென்சிலைக் கீழே வைத்தேன். ஒரு எறும்பு நுழைய இடமில்லை. மார்ச் மாதம் இதற்காகத்தான் சந்தோஷப்பட்டேன்.

பயமாக இருக்கிறது. எதைப் பார்த்துப் பயம் என்று சொல்லத் தெரியவில்லை.

ஜூன் 5, செவ்வாய்

தலைவர் வீட்டுக்குப் போனேன். பூஜை அறையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் சுவரில் ஆணியடித்து அந்த இரும்புச் சாவியை மாட்டியிருக்கிறார். சந்தனப் பொட்டு வைத்திருந்தது.

மாராத்தாள் ஏழை, மகளுக்கு உடம்பு சரியில்லை, கொஞ்சம் இரக்கம் காட்டலாம் என்று சுற்றிவளைத்துச் சொன்னேன். முழுவதும் கேட்டார். என் தட்டில் இன்னொரு தேங்காய் பன் வைத்தார்.

"எனக்கும் மனசு கேக்கலைங்க சார். ஆனா எட்டாம் விதியில தலைவர் உட்படன்னு நீங்கதானுங்களே எழுதினீங்க. நானே அதை மீறலாமுங்களா?"

இல்லை என்றேன்.

வாசல்வரை வந்து வழியனுப்பினார். "உங்க ஊட்டுல குடுத்திருந்தாக் கூட அப்பவே சொல்லியிருந்தீங்கன்னா அவளுக்கு ஒண்ணும் ஆயிருக்காதுங்க. நீங்கதான் தெரியாதுன்னு சொல்லிட்டீங்களே." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஜூன் 8, வெள்ளி

மழை! மூன்று மணிக்கு மருதமலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது, மூன்றரைக்கு ஊற்றித் தள்ளியது. எல்லா வீட்டிலும் கதவைத் திறந்துகொண்டு வராந்தாவுக்கு வந்துவிட்டார்கள். சின்னக் குழந்தைகள் கூவின. பெரியவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொருவராக ஏ பிளாக் முதல் மாடி பால்கனியைப் பார்ப்பதைக் கவனித்தேன். அங்கே தலைவர் கையை நீட்டி மழையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். அதன் பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

நானும் அந்த பால்கனியைப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தேன் என்பது இப்போது எழுதும்போது தெரிகிறது.

ஜூன் 17, ஞாயிறு

ஒன்பது நாளாக விடாத மழை. சம்ப் நிரம்பி ரோட்டுக்கு வழிகிறது. போர்வெல்லில் இருபதடியில் தண்ணீர். குழாயில் மட்டும் இன்னும் காலை அரை மணி, மாலை அரை மணி.

தலைவரே வீட்டுக்கு வந்தார். பூங்கோதை காபியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பதினொன்றாம் விதியின்படி நிலைமை சீராகிவிட்டது என்று அறிவிக்கலாமே என்று கேட்டேன்.

"மழை வந்தா நிலைமை சீராயிடுச்சுன்னு அர்த்தமுங்களா சார்? சனங்க இப்பத்தான் ஒரு ஒழுங்குக்கு வந்திருக்காங்க. லிஃப்ட்டுல சத்தம் இல்லை, பார்க்கிங்குல சண்டை இல்லை. இதைப் போயிக் கெடுப்பாங்களா? பாக்கலாமுங்க."

கிளம்பும்போது மேஜைமேல் இருந்த இந்த நோட்டைப் பார்த்தார். எடுக்கவில்லை. ஒரு விரலால் மூடிமேல் தொட்டார்.

"டைரிங்களா? நல்ல பழக்கமுங்க. தினம் நடக்கறது எல்லாம் எழுதறீங்களா சார்?"

சும்மா பால் கணக்கு, மருந்து கணக்கு என்றேன்.

"எழுதுங்க, எழுதுங்க."

ஜூன் 18, திங்கள்

இன்று விசேஷம் ஒன்றுமில்லை. மழை.

ஜூன் 19, செவ்வாய்

விசேஷம் ஒன்றுமில்லை. தலைவர் நன்றாக நிர்வாகம் செய்கிறார்.

ஜூன் 20, புதன்

மழை. விசேஷம் ஒன்றுமில்லை.

ஜூன் 26, செவ்வாய்

இனி இந்த நோட்டு ஜட்ஜய்யாவின் தாள்களுக்கு அடியில் இருக்கும். அந்தக் கட்டை யாரும் புரட்டமாட்டார்கள்.

பூங்கோதை நேற்று தகரப் பெட்டியில் ஒரு சீட்டுப் போட்டிருக்கிறாள். அந்தப் பெட்டியில் பேர் போட்டு வந்த முதல் சீட்டு அதுதானாம். "மாராத்தாளுக்குத் தண்ணி குடுத்தது நான். எங்க பங்குத் தண்ணி. பூங்கோதை, பி-302." என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாயங்காலம் ஹாலுக்குக் கூப்பிட்டார்கள். அதே பிளாஸ்டிக் நாற்காலிகள். பூங்கோதை நின்றுகொண்டே பேசினாள். "நான்தான் குடுத்தேன். தினமும் குடுத்தேன். அவ மேல ஒரு தப்பும் இல்லை. அவளை உள்ள விடுங்க. எங்களுக்கு என்ன தண்டனையோ குடுத்துக்குங்க." குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்து அவளுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது. பெருமையாக இருந்தது. எழுந்து பக்கத்தில் போய் நிற்க வேண்டும் என்று முட்டி வரைக்கும் வந்தது.

தலைவர் யோசித்தார். "மேடம் நல்ல மனசுக்காரங்க. வேலைக்காரம்மாவைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றாங்களோன்னும் எனக்கு ஒரு சந்தேகமுங்க. ஏன்னா சார் அன்னைக்குத் தெரியாதுன்னு இதே எடத்துல சொன்னாரு." என்னைப் பார்த்தார். "சார், இப்பவும் கேக்கறனுங்க. உங்களுக்குத் தெரியுங்களா?"

முப்பது பேர் என்னைப் பார்த்தார்கள். பூங்கோதை பார்க்கவில்லை. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு வார்த்தை. தெரியும். அதை எழுத இப்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது.

தெரியாது என்றேன்.

தீர்ப்பு: மாராத்தாள் தீர்ப்பு முடிந்த தீர்ப்பு, அதை மாற்ற விதியில் இடமில்லை. பி-302 தானாக ஒப்புக்கொண்டதால் முப்பது நாள் வால்வு மூடல். "பலகைக்கு சாரே எழுதிக் குடுத்துருங்க" என்றார் தலைவர். எழுதினேன். வாக்கியம் நன்றாக வந்திருந்தது.

ஜூன் 30, சனி

குழாயைத் திருகினால் காற்றுச் சத்தம். ரோட்டு முனைக் கடையிலிருந்து கேன் தண்ணீர் தூக்கி வருகிறேன். பக்கத்து வீட்டம்மா முன்பெல்லாம் கறிவேப்பிலை கொடுக்க வருவார். இன்று என்னைக் கண்டதும் சாவியை மறந்தவர் மாதிரி திரும்ப உள்ளே போய்விட்டார். நான் அவரைக் குறைசொல்லமாட்டேன்.

ஜூலை 8, ஞாயிறு

மாராத்தாள் மகளைக் கூட்டிக்கொண்டு இன்று திருப்பூர் போகிறாள். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலை. மகளைக் காலேஜில் சேர்ப்பது இந்த வருஷம் இல்லை. பஸ் ஏற்றிவிட பூங்கோதை மத்தியானம் கிளம்பினாள். ஏதோ ஒரு துணிப்பையும், ஒரு டப்பா நெல்லிக்காய் ஊறுகாயும் எடுத்துக்கொண்டாள். "நானும் வரட்டுமா?" என்று கேட்டேன். "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

போவதற்கு முன்னால் மழை பலமாக வருவதைப் பார்த்து பால்கனியில் ஒரு பச்சை பக்கெட்டை வைத்துவிட்டுப் போனாள். பாத்திரம் கழுவத் தண்ணீர் இல்லை.

நான் மேஜையில் உட்கார்ந்தேன். சுதந்திரத்துக்கு ஜட்ஜய்யா சொன்ன விளக்கம் இன்று ஒரே மூச்சில் தமிழில் வந்துவிட்டது. இரண்டு மாதம் வராதது ஏன் இன்று வந்தது என்று யோசிக்க எனக்கு விருப்பமில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கெட்டில் மழை விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. முதலில் தட்தட்டென்று, பிறகு சத்தம் கனத்துவிட்டது. அரை பக்கெட் நிரம்பியிருக்க வேண்டும்.

எதிர் பிளாக்குக் கேமராவில் சிவப்புப் புள்ளி எரிந்தது. அது எப்போதும் எரிவதுதான்.

வளாகத்துக்குள் நிலத்திலிருந்தோ லாரியிலிருந்தோ வானிலிருந்தோ.

யாரும் போன் செய்யவில்லை. யாரும் கதவைத் தட்டவில்லை. செல்போனை எடுத்துப் பார்த்தேன், ஒரு செய்தியும் இல்லை. தலைவர் ஒரு கல்யாணத்துக்குப் பொள்ளாச்சி போயிருக்கிறார், அதுவும் எனக்குத் தெரியும். எழுந்து பால்கனிக்குப் போனேன். பக்கெட்டைச் சாய்த்து, தண்ணீர் முழுவதையும் வடிகால் ஓட்டையில் ஊற்றினேன். கேமராவுக்குத் தெரியும்படி காலி பக்கெட்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தேன். பிறகு உள்ளே கொண்டுவந்து கவிழ்த்து வைத்தேன்.

ஐந்து மணிக்குப் பூங்கோதை தொப்பலாக நனைந்து வந்தாள். முந்தானையைப் பிழிந்துகொண்டே கவிழ்ந்திருந்த பக்கெட்டைப் பார்த்தாள். வெளியே கொட்டிக்கொண்டிருந்தது, ஜன்னல் கண்ணாடி வழியாக ரோடு தெரியவில்லை.

"மழை நின்னுடுச்சுங்களா?" என்று என்னைக் கேட்டாள்.

"ஆமாம்" என்றேன்.

அவள் உள்ளே போனாள். ஈரப் புடவையை மாற்றிக்கொண்டு, பாதி இருந்த கேனைச் சாய்த்து ஒரு டம்ளரில் ஊற்றிக் குடித்தாள். நான் மேஜைக்குத் திரும்பி வந்து, ஏப்ரல் மாதம் ஜட்ஜய்யாவை மறுத்து எழுதிய ஒன்றரைப் பக்க அடிக்குறிப்பை நீக்கிவிட்டேன்.